பொக்லைன் உருண்டா டிரைவர் மட்டும்தான் காரணமுங்களா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க,

போன வாரம் உங்க பேப்பர்ல உள்பக்கம் ஒரு சின்ன செய்தி, அஞ்சாறு வரிதான் இருக்கும், லோபெட் லாரியில (பெரிய வண்டிங்கள ஏத்திட்டு போற தாழ்வான லாரி) ஏத்திட்டிருந்த பொக்லைன் பின்னாடி உருண்டு ஹெல்பர் பையனுக்கு கால்ல அடின்னு போட்டிருந்தீங்க. கடைசி வரியில ‘ஹைட்ராலிக் பிரஷர் இறங்கி பிரேக் பிடிக்காமல் போனதாகக் கூறப்படுகிறது, டிரைவர் மீது வழக்கு’ன்னு முடிச்சாச்சு. டீக்கடையில படிச்சுட்டிருந்தேன், கிளாஸ கீழ வெச்சுட்டேன். நான் நாமக்கல் பக்கம் 26 வருஷமா செயின் வண்டி (டயருக்கு பதிலா இரும்பு செயின்ல ஓடற பொக்லைன் மாதிரி வண்டி) மெக்கானிக்குங்க, கல்குவாரி, ஏரி வேலை, ரோடு வேலைன்னு எங்க கூப்பிட்டாலும் ஆம்னி வேன்ல டூல்ஸ போட்டுட்டு போறவன். எழுதுறதெல்லாம் நமக்கு பழக்கமில்ல, மகதான் டைப் அடிக்கறா, தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

அந்த வரியில பாதி தப்புங்க. லாரி, பஸ்ஸுல பெடல மிதிச்சாதான் பிரேக் பிடிக்கும்னு எல்லாரும் பழகிட்டோம், அதனால பிரஷர் இறங்குனா பிரேக் போயிரும்னு நெனைச்சுக்கறோம். செயின் வண்டியில அது தலைகீழ். பார்க்கிங் பிரேக்க பிடிக்கறது ஸ்பிரிங், விடுறதுதான் ஆயில். ஆயில் பிரஷர்ல செயின ஓட்டற டிராவல் மோட்டார் இருக்குதில்ல, அதுக்குள்ளயே வட்ட வட்டமா பிளேட் அடுக்கி இருக்கும், ஒரு இரும்பு பிளேட், ஒரு உராய்வு பிளேட், மறுபடி ஒரு இரும்பு, இப்படி. அதுக்கு மேல ஒரு பிஸ்டன், பிஸ்டனுக்கு மேல வரிசையா ஸ்பிரிங்கு. இஞ்சின் ஆஃப்ல இருந்தா, இல்ல வண்டிய ஓட்டற லிவர் நடுவுல இருந்தா, ஸ்பிரிங் பிஸ்டன அமுக்கி பிளேட்ட இறுக்கி பிடிச்சிருக்கும். லிவர தள்ளுனா ஆயில் வந்து பிஸ்டன தூக்கும், பிளேட் லூசாகும், செயின் ஓடும். ஹோஸ் வெடிச்சாலும் இஞ்சின் நின்னாலும் வண்டி தானா பிடிச்சு நிக்கணும்னுதான் அப்படி பண்ணியிருக்கான். ஆக பிரஷர் இறங்குனா வண்டி நிக்கணுமே ஒழிய உருளக்கூடாது. உருண்டுச்சுன்னா பிளேட் தேஞ்சிருக்கு, இல்ல ஸ்பிரிங் ஒடஞ்சிருக்கு, இல்ல பிஸ்டனுக்கடியில போன ஆயில் திரும்பி வர வழியில்லாம மாட்டிட்டிருக்கு, இல்லேன்னா உள்ள பிளேட்டே இல்ல.

பிளேட்டே இல்லையான்னு கேப்பீங்க. ஆமாங்க, அதுக்குத்தான் இந்த லெட்டரே.

(ஒரு சின்ன சமாச்சாரம், எங்க ஊர்ல மஞ்ச கலர்ல இருந்தா எல்லாம் ஜேசிபி, செயின்ல ஓடுனா எல்லாம் பொக்லைன், இல்ல ஹிட்டாச்சி. மூணுமே கம்பெனி பேருதான், பொக்லைன் பிரான்ஸ் கம்பெனி. நான் சொல்ற வண்டிங்க எந்த கம்பெனின்னு சொல்லப்போறதில்ல, எல்லா கம்பெனி வண்டியிலயும் இந்த கோளாறு வரும்.)

கரூர் பக்கம் ஒரு குவாரி, பேரு வேண்டாம். 20 டன் வண்டி, ரெண்டு லிவரையும் ஒண்ணா தள்ளுனா நேரா போகாம இடது பக்கமா வாங்குது. ஆப்பரேட்டர் பையன் போன்ல சொன்னான், அண்ணா ஒரு வாரமாவே இழுக்குது, இன்னைக்கு இடது செயின் நகரவே மாட்டேங்குதுன்னு. நான் போறதுக்குள்ள இன்னொருத்தர் வந்து பாத்துட்டு ஆயில் பம்ப் போச்சு, மூணு லட்சம் ஆகும்னு சொல்லிட்டு போயிட்டாராம், ஓனர் மூஞ்சிய தூக்கி வெச்சுட்டு பாறை மேல உக்காந்திருந்தாரு.

நான் போனதும் முதல்ல ஸ்பேனர எடுக்கலைங்க, தண்ணி பாட்டில எடுத்தேன். இடது மோட்டார் மூடி மேல ஒரு சொட்டு விட்டேன், தோசைக்கல்லுல தெளிச்ச மாதிரி சுர்ருன்னு போச்சு. வலது மோட்டார் மேல விட்டேன், அப்படியே வழிஞ்சு இறங்குச்சு. பம்ப்புல கோளாறுன்னா இடது மோட்டாருக்கு ஆயிலே சரியா வராது, செயின் சோம்பேறியா ஓடும், அவ்வளவுதான், இந்த சூடு வராது. உள்ள ஏதோ தேய்க்குதுன்னுதான் அர்த்தம். கைய வெச்சு பாக்காதீங்க, எனக்கு வலது கை நடுவிரல்ல இன்னும் தழும்பு இருக்கு.

அப்பறம் மேல் பாடிய 90 டிகிரி திருப்பி பக்கெட்ட தரையில ஊனி இடது செயின தரையில இருந்து தூக்கினோம். ஆளெல்லாம் தள்ளி நின்னுக்கணும், தூக்கின செயின் பக்கம் தலைய நீட்டக்கூடாது, செயின்ல ஒட்டியிருக்கற கல்லு தெறிச்சு வரும். லிவர மெல்ல தள்ளி செயின் மூணு சுத்து சுத்தறதுக்கு எத்தனை செகண்டுன்னு எண்ணினோம், அதே மாதிரி வலது பக்கம் தூக்கி எண்ணினோம். இடது பக்கம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு நேரம், அதுவும் விட்டு விட்டு, மூச்சு வாங்கற மாதிரி.

இப்ப பம்ப்பா மோட்டாரான்னு ஓனருக்கு புரிய வெக்கணும். இஞ்சின ஆஃப் பண்ணி, லிவரையெல்லாம் நாலஞ்சு தடவை ஆட்டி, டேங்க் மூடியில இருக்கற காத்த விட்டு, சென்டர் ஜாயிண்ட்டுக்கு (மேல் பாடி சுத்துனாலும் ஆயில கீழ கடத்தற இணைப்பு) கீழ இடது வலது மோட்டாருக்கு போற ஹோஸ மாத்தி மாட்டினேன். இப்படி மாட்டுனா இடது லிவருக்கு வலது செயின் ஓடும். கோளாறு வலது பக்கம் தாவுச்சுன்னா மேல பம்ப், வால்வு, சென்டர் ஜாயிண்ட் இதுல ஏதோ ஒண்ணு. இடதுலயே நின்னுச்சுன்னா மோட்டார் பக்கம்தான். இடதுலயே நின்னுச்சு. மூணு லட்சம் அங்கயே மிச்சம், ஓனர் எந்திருச்சு டீ சொல்லி விட்டாரு.

அதுக்கப்பறம் மோட்டாருக்குள்ள கசியற ஆயில் டேங்குக்கு திரும்பி போற டிரெயின் ஹோஸ கழட்டி ஒரு பக்கெட்ல விட்டு, டேங்க் பக்கத்து வாய அடைச்சுட்டு, ஒரு நிமிஷம் ஓட்டி பாத்தோம். வலதுல கொஞ்சூண்டு, இடதுல கடகடன்னு கொட்டுது. பக்கெட் அடியில வெயில்ல பாத்தா தங்கப்பொடி தூவுன மாதிரி மினுமினுன்னு இருக்கு. அது தங்கமில்லைங்க, உராய்வு பிளேட்டோட வெண்கலம். பிரேக் பிளேட் உள்ள கரைஞ்சுட்டிருக்குன்னு அந்த பொடி சொல்லிருச்சு.

பிரித்து பாத்தா (வண்டிய சமதரையில நிறுத்தி, பக்கெட்ட ஊனி, செயினுக்கு ரெண்டு பக்கமும் கட்டை வெச்சுதான் பிரிச்சோம், மோட்டார வெளிய எடுத்துட்டா அந்த பக்கம் பிடிக்க ஒண்ணுமே கிடையாது, சரிவுல நின்னு மோட்டார கழட்டறவன பாத்தா எனக்கு ஈரக்குலை நடுங்கும்) பிரேக் பிஸ்டன்ல ஆயில் ஒழுகாம அடைக்கற ரெண்டு சீல்ல பெரிய சீலு ஒரு இடத்துல வெட்டுப்பட்டிருக்கு. அது ஒரிஜினல் சீலே இல்ல, யாரோ முன்னாடி பிரிச்சவன் கடையில கெடச்ச ரப்பர் ஓ ரிங்க வாங்கி திணிச்சிருக்கான். பிஸ்டன தூக்க வேண்டிய ஆயிலு அந்த வெட்டு வழியா மோட்டார் கூட்டுக்குள்ள ஒழுகிருது, பிஸ்டன் பாதிதான் எந்திரிக்குது, பிளேட் பாதி பிடிச்சபடியே செயின் ஓடுது. இரும்பு பிளேட்டெல்லாம் நீலம் பாரிச்சு கெடந்துச்சு, உராய்வு பிளேட்ல இருக்கற கோடே அழிஞ்சு வழவழன்னு ஆயிருச்சு. நிறுத்தி வெக்கறதுக்குன்னு இருக்கற பிரேக்கு, அது ஓட்டத்துல தேயவே கூடாது. பிரேக் விடாத வண்டிய ஓட்டி ஓட்டி கடைசியில பிரேக்கே பிடிக்காத வண்டியாக்கி வெச்சிருந்தாங்க. ஒரே கோளாறுதான், முதல் மாசம் விடாது, ஆறாவது மாசம் பிடிக்காது.

எல்லா தடவையும் சீலுதான்னு சொல்லலைங்க. வண்டிக்கு வண்டி ஆயில் வர்ற வழி மாறும். சிலதுல பிரேக்க விடறதுக்கு தனியா பைலட் லைன் (குறைஞ்ச பிரஷர் ஆயில் வர்ற சின்ன லைன்) வரும், அதுல சதுர சென்டிமீட்டருக்கு 40 கிலோ பக்கம் பிரஷர் இருக்கும். சிலதுல லிவர தள்ளுன உடனே மோட்டார் மேல இருக்கற பேலன்ஸ் வால்வு நகந்து, மெயின் லைன்ல இருந்தே கொஞ்சம் ஆயில பிஸ்டனுக்கு அனுப்பும், நடுவுல ஊசி ஓட்டை மாதிரி ஒரு சின்ன வழி இருக்கும், அதுல ஒரு துளி குப்பை போய் உக்காந்தா போச்சு. சின்ன லோடர் வண்டிங்கள்ல எலக்ட்ரிக் சோலனாய்டு (கரண்ட்ல திறக்கற வால்வு), சீட்ல ஆள் உக்காரலேன்னா பிரேக் விடாது, அங்க பிரேக் விடலேன்னா பிளேட்ட சந்தேகப்படறதுக்கு முன்னாடி சீட் சுவிட்ச்சையும் பியூஸையும் பாக்கணும், எலி கடிச்ச வயர் ஒண்ணுக்காக மோட்டார பிரிச்ச கதையெல்லாம் உண்டு. எதுவா இருந்தாலும் பிரேக் லைன்ல ஒரு பிரஷர் கேஜ் மாட்டி பாருங்க. பைலட் லைன் வண்டிக்கு 60 கிலோ கேஜ் போதும், ஆனா அத தப்பித்தவறி மெயின் லைன்ல மாட்டிறாதீங்க, அங்க 300 கிலோவுக்கு மேல அடிக்கும், கேஜ் கண்ணாடி மூஞ்சியில வெடிக்கும். எவ்வளவு பிரஷர் வேணும்னு மேனுவல்ல இருக்கும், மேனுவல் இல்லேன்னா நல்லா இருக்கற பக்கத்துல மாட்டி பாத்து ஒப்பிட்டுக்கலாம். கடவுள் ரெண்டு செயின் குடுத்திருக்கறதே அதுக்குத்தான்.

இப்ப நான் செஞ்ச தப்ப சொல்லிடறேன்.

பன்னண்டு வருஷம் இருக்குமுங்க. ஒரு பழைய வண்டி, குவாரி குழிக்குள்ள கெடக்கு, இதே மாதிரி இடது பிரேக் விடல. சாயங்காலம் அஞ்சு மணி, மேக்கால மானம் கருத்துட்டு வருது, மழை வந்தா குழியில தண்ணி நிக்கும், வண்டி முழுகிரும். சீல் கிட் ஈரோட்டுல இருந்து வரணும், அடுத்த நாள் ஆகும். ஓனர் கைய பிடிச்சுட்டு எப்படியாச்சும் மேல ஏத்தி குடுத்திருங்க மேஸ்திரின்னாரு. நானும் மோட்டார பிரிச்சேன், உள்ள இருந்த பிளேட்ட பூராவும் உருவி எடுத்தேன், வெறும் பிஸ்டனையும் ஸ்பிரிங்கையும் போட்டு மூடிட்டேன். வண்டி ஜம்முனு மேல ஏறிருச்சு. ஒரு வாரத்துல கிட் வாங்கிருங்க, அதுவரைக்கும் சரிவுல நிறுத்தாதீங்கன்னு சொல்லிட்டு வந்தேன். அவரும் சரின்னாரு. வண்டி நல்லா ஓடுதேன்னு கிட்ட மறந்துட்டாரு, நானும் ஒரு போன் பண்ணி கேக்கல. ஆப்பரேட்டர் மாறுனான், புதுசா வந்தவனுக்கு உள்ள பிளேட் இல்லேன்னு யாரும் சொல்லல.

இதுல ஏமாத்தற விஷயம் ஒண்ணு இருக்கு. பிளேட்டே இல்லேன்னாலும் இந்த வண்டி உடனே உருண்டுராது. மோட்டாருக்குள்ள அடைபட்டு நிக்கற ஆயிலே கொஞ்ச நேரம் வண்டிய பிடிச்சு வெச்சிருக்கும். காலையில ஆயில் குளுந்து கெட்டியா இருக்கறப்ப நிறுத்துனா நல்லாவே நிக்கும். மத்தியானம் வேலை செஞ்சு ஆயில் சூடாகி தண்ணி மாதிரி ஆனப்பறம் நிறுத்துனா, அந்த ஆயில் உள்ளுக்குள்ளயே கசிஞ்சு கசிஞ்சு, எறும்பு ஊர்ற மாதிரி வண்டி நகர ஆரம்பிக்கும். போதாததுக்கு பக்கெட்ட தரையில ஊனி வெக்கறோம், அது ஒரு நங்கூரம் மாதிரி. அதனால பிரேக் இல்லாத வண்டிய ஒருத்தன் ஆறு மாசம் ஓட்டுனாலும் அவனுக்கு தெரியாது. தெரியறது லோபெட் மேல ஏத்தறப்பதான், அங்க பக்கெட் ஊன தரை இருக்காது.

அன்னைக்கும் லோபெட்டுதான். ராத்திரி நேரம், பின்னாடி சாய்வு பலகை மேல பாதி ஏறின நிலையில டீசல்ல காத்து பிடிச்சு இஞ்சின் நின்னுருச்சு. 20 டன் வண்டி 15 டிகிரி சாய்வுல நின்னா அத கீழ இழுக்கற பலம் அஞ்சு டன்னுக்கு மேல வரும், கணக்கு போட்டு பாத்துக்கோங்க. வலது பக்கம் பிரேக் இருக்கு, பிடிச்சு நின்னுச்சு. இடது பக்கம் ஒண்ணும் இல்ல, மெதுவா உருள ஆரம்பிச்சுது. ஒரு செயின் நிக்குது, ஒரு செயின் ஓடுது, வண்டி நேரா பின்னால வராம தட்டாமாலை சுத்தற மாதிரி திரும்பி பலகைய விட்டு சைடுல இறங்கிருச்சு. பலகைக்கு பக்கத்துல டார்ச் அடிச்சுட்டு நின்ன ஹெல்பர் பையன் குதிச்சான், வண்டி ரோட்டோரம் ஒரு புளியமரத்துல சாஞ்சு நின்னுச்சு. மரம் இல்லேன்னா அந்த பையன் இல்ல. போலீஸு வந்து டிரைவரத்தான் அடிச்சுது. நான் அடுத்த நாள் போய் மோட்டார பிரிச்சு, நான் போட்ட மூடிய நானே கழட்டி, உள்ள காலியா இருக்கறத பாத்துட்டு, யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லல. இப்பதான் சொல்றேன்.

அதனாலதான் உங்க செய்தியோட கடைசி வரி என்னைய குத்துச்சு. அந்த வண்டியில பிளேட்ட உருவுனாங்கன்னு நான் சொல்லல, நான் அந்த வண்டிய பாக்கல. ஆனா டிரைவர் மேல வழக்குன்னு எழுதறதுக்கு முன்னாடி அந்த மோட்டார கடைசியா எப்ப யாரு பிரிச்சாங்கன்னு உங்க நிருபர் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். லாரிக்கு எஃப்சி (தகுதிச் சான்று) இருக்கு, பிரேக் பாத்துதான் விடறாங்க. இரும்பு செயின் வண்டி ரோட்டுலயே ஓடறதில்ல, லோபெட்லதான் போகுது வருது, அதனால அத யாரும் நிறுத்தி பிரேக்க பாக்கறதில்ல. சுரங்க சட்டத்துக்குள்ள வர்ற பெரிய குவாரிங்கள்ல ஆபீசர் வருவாங்க, பேப்பர பாப்பாங்க, ஏரி தூர் வாரற வேலையிலயும் வீட்டு மனை சமன் பண்ற வேலையிலயும் வாடகைக்கு ஓடற வண்டிய எவன் பாக்கறான்?

ஆப்பரேட்டர் தம்பிங்க உங்க பேப்பர படிப்பாங்க, அவங்களுக்கு ஒண்ணு. மெக்கானிக் வேண்டாம், ஸ்பேனர் வேண்டாம், ஒரு சாக்பீஸ் போதும். மத்தியானம் ஆயில் நல்லா சூடா இருக்கறப்ப, லேசான சரிவா பாத்து, கீழ்ப்பக்கம் ஆளோ வண்டியோ குழியோ இல்லாத இடமா பாத்து, செயினுக்கு ஒரு முழம் கீழ பெரிய கல்லோ கட்டையோ போட்டுட்டு வண்டிய நிறுத்துங்க. பக்கெட்ட தரையில ஊனாதீங்க, ஒரு சாண் மேல நிக்கட்டும். இஞ்சின ஆஃப் பண்ணிட்டு இறங்கி, செயின்ல ஒரு கோடு, அதுக்கு நேரா பிரேம்ல ஒரு கோடு, ரெண்டு பக்கமும் போடுங்க. பத்து நிமிஷம் தள்ளி நின்னு பீடி புடிங்க, டீ குடிங்க, வண்டிக்கு கீழ்ப்பக்கம் மட்டும் நிக்காதீங்க. திரும்பி வந்து பாக்கறப்ப கோட்டுக்கு நேரா கோடு இருந்தா பிரேக் இருக்கு. ஒரு விரக்கடை நகந்திருந்தாலும் அந்த பக்க மோட்டார பிரிக்க சொல்லுங்க, ஓனர் நாளைக்கு பாக்கலாம்னா நாளைக்கு ஓட்டறேன்னு சொல்லிட்டு சாவிய குடுத்துருங்க. பேட்டா போகும், போகட்டும்.

மெக்கானிக் பசங்களுக்கும் ஒண்ணு, பிளேட் மாத்தறப்ப புது பிளேட்ட காஞ்ச மேனிக்கு போடாதீங்க, ஹைட்ராலிக் ஆயில்ல ஊற வெச்சு போடுங்க. மூடி போல்ட்ட ஒரே பக்கமா கழட்டாதீங்க, உள்ள ஸ்பிரிங் அமுங்கி இருக்கு, எதிரெதிரா கொஞ்சம் கொஞ்சமா விடுங்க. ஆயில் ஊத்தற புனல செயின் மேல வெச்சுட்டு அதே புழுதியோட டேங்குல சொருகாதீங்க, பாதி சீல் கெடறது அந்த புழுதியாலதான். அவசரத்துக்கு பிளேட்ட உருவற வேலை வேண்டவே வேண்டாம், உருவித்தான் ஆகணும்னா கேபின் கண்ணாடியில பெருசா பெயிண்ட்ல எழுதி வெச்சுட்டு வாங்க, ‘இடது பிரேக் இல்லை’ன்னு. நான் எழுதல.

லெட்டர் நீளமா போச்சுங்க. இடம் பத்தலேன்னா என்னோட கதைய எங்க வேணா வெட்டிக்கோங்க, அந்த சாக்பீஸ் சமாச்சாரத்த மட்டும் வெட்டிறாதீங்க.

இப்படிக்கு,
ஒரு செயின் வண்டி மெக்கானிக்,
நாமக்கல்.